மேல் கார்டு எண்பத்தொன்பது

கீழே இருப்பது அறுபத்தாறு டிகிரி.
மேலே இருப்பது எண்பத்தொன்பது.
ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை.
தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடி அறையில், இரவு ஒன்றே காலுக்கு,
தம்மாமில் இருக்கும் ஜெஸ்டஸ் அண்ணனின் வீட்டு முகப்பு
நாற்பத்தொரு சதவீதத்தில் நிற்கிறது.

பக்கத்துத் தகட்டைக் கழற்றி
டார்ச் அடித்தேன்.
மேல் கார்டின் மூன்று விசிறிகளும்
கீழ் கார்டின் முதுகைப் பார்த்துச் சுழல்கின்றன.
இடையில் ஸ்கேல் நுழையவில்லை.
பையில் கிடந்த களியக்காவிளை பஸ் டிக்கெட் நுழைந்தது,
அதுவும் நடுங்கிக்கொண்டே.
கீழது விட்ட மூச்சைத்தான்
மேலது இழுக்கிறது.

வாங்கும்போது ஸ்லாட்டுகளை எண்ணினேன்.
நீளமானவை இரண்டு, கார்டு இரண்டு, கணக்கு சரி.
நாகர்கோவில் கடையில் ஷெர்லின் கேட்டான்:
"தடிமன் பாத்தியளாக்கா? ஒவ்வொண்ணும் ரெண்டர ஸ்லாட்டு வரும்."
நான் பில்லில் ஆயிரம் குறைப்பதிலேயே இருந்தேன்.

அண்ணனின் குரல் செய்தி
நேற்று வந்தது, இன்னும் போனில் இருக்கிறது:
"மோளே, மேக்கால மூணடி விட்டிருக்கியே, அத எடுத்திரு.
அந்தாளு சுவரோட சுவரா கெட்டிருக்கான்லா.
சென்ட் என்ன வெலைக்கி வாங்கினேன்னு தெரியும்லா?
மூணடிய காத்துக்கா குடுக்கது?"

எடுத்தேன்.
மவுஸால் சுவரைப் பிடித்து இழுத்தால்
இழுத்த இடத்துக்கு வருகிறது சுவர்.
மூன்று ஜன்னல்களும் அப்படியே இருந்தன,
அயல்வீட்டுச் சிமெண்டைப் பார்த்தபடி.
சம்பளம் தரும் ஆள் அவர்.

மெஷினை அணைத்தேன். வயரைப் பிடுங்கினேன்.
சூடு ஆறும் வரை ஒரு கட்டன்சாயா.
கீழ் கார்டை உருவி
கடைசி ஸ்லாட்டுக்கு இறக்கினேன்.
பார்க்க அதே நீளம், உள்ளே பாதை கால்வாசிதான்.
வீடு கார்டுக்குள் ஏறும்போது கொஞ்சம் இழுக்கும்,
ஏறிவிட்டால் பிறகு வேகம் குறையாது.
முன்பக்க யூஎஸ்பி வயர் இடித்தது, கழற்றிப்போட்டேன்.
ஒரு திருகு உருண்டு
மேசைக்கடியில் போனது, தேடவில்லை.

இரண்டு பத்து.
மேலது எழுபத்திரண்டு.
கீழதற்கு அடித்தகடு நெருக்கம்,
அது மூன்று டிகிரி ஏறி
அறுபத்தொன்பதில் நிற்கிறது.
அதுவும் முணுமுணுக்கத்தானே செய்யும்.

முகப்பைத் திறந்தேன்.
மேற்குச் சுவரைப் பிடித்து
மூன்றடி உள்ளே தள்ளினேன்.
ஹால் சுருங்கியது, சோபா ஒன்று வெளியே போனது.
நாளைக்கு அண்ணன் கத்துவார்,
பாக்கிப் பணம் நிற்கும், வேறு ஆளைப் பார்ப்பார்,
அந்த ஆள் சுவரைத் திரும்ப இழுப்பான்.
இருக்கட்டும். இந்தப் படம் என் மெஷினில் ஓடுவது.

மறுபடி ஓடவிட்டேன்.
ஒரு சதவீதம்.
வெளியே சாரல், தகரத்தில் சத்தம் குறைவு.
தகட்டை மூடுமுன் அந்த டிக்கெட்டை
இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன்.
பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.
விழுந்துவிட்டது.