வேலியில் ஒரு கை

தார்த்து நகரில் பனி கொட்டிய மறுநாள்
வேலிக் குச்சியில் ஒரு சிவப்புக் கையுறை.
யாரோ தவறவிட்டது.
யாரோ எடுத்து மாட்டிவைத்தது.
இந்த ஊரில் அப்படித்தான்,
தேடி வந்தால் கண்ணில் படட்டுமே என்று.

ஏழாம் எண் பேருந்தின் உர்மாஸ்
யாரோ கைகாட்டுவதாக எண்ணி
பிரேக்கை மிதித்தான். கதவையும் திறந்துவிட்டான்.
ஏறியது குளிர் மட்டும்.
என் மடியிலிருந்த கருப்பு ரொட்டி
டிரைவர் சீட் வரை சறுக்கிப் போனது.
லேலோ சிரித்து முடிக்க இரண்டு நிறுத்தம் ஆயிற்று.

மறுநாள் தெரிந்தே கையசைத்தான்.

புதன்கிழமை எவரோ
மற்ற விரல்களை மடக்கி
ஆள்காட்டி விரலை மட்டும்
பேக்கரிப் பக்கம் நீட்டிவைத்திருந்தார்கள்.
ஈரக் கம்பளி உறைந்து அப்படியே நின்றது.
இறங்கிப் போய்ப் பார்த்தோம்:
ஏலக்காய் பன், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது.

சனிக்கிழமை ஒரு பட்டாணிக்குருவி
அந்த விரல்மேல் உட்கார்ந்து
எச்சமிட்டுப் பறந்தது.
எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

திங்கள் காலை வேலியில் இரண்டு கைகள்.

தொலைத்தவள் வந்திருக்கிறாள்.
எடுத்துப் போகவில்லை.
மற்றதையும் கொண்டுவந்து
பக்கத்துக் குச்சியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.
புதிது வாங்கிவிட்டாளோ,
ஒற்றையாய் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லையோ,
அல்லது அவளும் ஏதாவதொரு பேருந்தில்
வந்துபோகிறவளோ.

உர்மாஸ் ஸ்டியரிங்கிலிருந்து
இரண்டு கையையும் எடுத்தான்.
ஒரு நொடிதான்.
"உர்மாஸ்!" என்று கத்தினாள் லேலோ,
தானும் இரண்டு கையையும் தூக்கியபடி.