பதினொன்று நாற்பதில் ஒரு பள்ளம்

ஈத்தாமொழியில் மழை விட்ட மறுநாள்.
தும்பாலை வாசலில் வேன் கதவைத் திறந்து வைத்து
முதலில் சோப்புக் குமிழ்.
கண்ணாடிக் குழாயின் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்கு
ஒரு மெல்லிய தோல் ஏறுகிறது
பம்ப் இழுக்கிற இழுப்பில்.
நிமிடத்துக்கு ஒன்று புள்ளி ஏழு லிட்டர்.
மூன்று முறை பார்க்க வேண்டும். மூன்றாவது பாதியில் உடைந்தது,
நான்காவதைக் கணக்கில் எடுத்தேன்.

பிறகு மானிட்டர்.
கைக்கடக்கமான மஞ்சள் பெட்டி, உள்ளே ஒரு லேசர்.
வாயில் கறுப்பு வடிகட்டியை மாட்டினால்
தூசி நீங்கின காற்று மட்டும் உள்ளே போகும்.
அப்போது அது சொல்ல வேண்டியது பூஜ்யம்.
சொன்னது, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நான்கு.
கடல் பக்கம். காற்றில் உப்பும் ஈரமும்.
வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தேன்.
அதற்குள் சூப்பர்வைசர் வில்பிரட்
அடிக்கிற மெஷினைச் சுற்றி நாலு குடம் தண்ணீர் தெளித்துவிட்டார்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
"தெனமும் தெளிக்கியதுதான்."
குறிப்பேட்டில் எழுதினேன்: தரை ஈரம்.

இந்தப் பெட்டிக்கு எங்கள் தூசி தெரியாது.
கடல் தாண்டி ஏதோ பாலைவனத்துச் சாலைப் புழுதியைக் காட்டி
இதுதான் தூசி என்று பழக்கி அனுப்பியிருக்கிறார்கள்.
கதம்பையை அடிக்கையில் எழும்பும் சோறு
அந்தப் புழுதி மாதிரி கனமில்லை,
ஒளியை அது சிதறடிக்கிற விதமே வேறு.
திரையில் இருப்பது ஒரு எண். உண்மை அதற்குப் பக்கத்து வீட்டில்.
அங்கே போக வேண்டுமென்றால்
நேற்று நாகர்கோவிலில் நிறுத்து வைத்த வெள்ளை வட்டத்தை
யாராவது எட்டு மணி நேரம் மார்பில் சுமக்க வேண்டும்,
பெட்டியையும் கூடவே.

ரெத்தினபாய் வந்து நின்றார்.
பம்ப் இடுப்பில். குழாய் முதுகு வழியாக.
வடிகட்டி தோளெலும்புக்குக் கீழே, மூக்கிலிருந்து ஒரு சாண்.
"இது என்ன வெல?"
பொய் சொல்லியிருக்கலாம்.
ரெண்டும் சேர்த்து மூணே கால் லட்சம் என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் கணினியில் கோடு விரிந்தது.
எட்டரைக்கு ஏறத் தொடங்கி
ஒன்பதே காலுக்கு மலை.
பத்தரை டீக்கு ஒரு சரிவு. திரும்ப மலை.
பதினொன்று நாற்பதுக்குப்
பள்ளம்.
அங்கிருந்து நாலரை வரை
பறக்கை வயல் மாதிரி சமதளம்.

பம்ப் நின்றதா? குமிழ் காலையில் ஏறின வேகத்திலேயே ஏறியது.
குழாய் மடிந்ததா? இல்லை.
மெஷின் நின்றதா? வில்பிரட் நோட்டைக் காட்டினார்,
கரண்ட் போகவே இல்லை.

"தோர்த்தைப் போட்டு மூடினேன் மக்களே.
அந்நேரம் தூசி கூடிப்போச்சுல்லா.
இவ்வளவு வெல கூடின சாதனம்,
உள்ள கேறிச்சுன்னா கெட்டுப்போவாதா?"

காலையில் முகத்தில் கட்டியிருந்த தோர்த்து.
இப்போது நாலாக மடிந்து என் பெட்டியின்மேல் கிடந்தது.
அவருடைய இமைமயிர் வரை பழுப்பு.
இருமல் வந்தபோது அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்,
சாதனத்தில் படக்கூடாதென்று.

மாதிரி செல்லாது.
படிவத்தில் நிராகரிப்புக்குக் காரணம் கேட்டு மூன்று கட்டம்:
பம்ப் பழுது. குழாய்க் கசிவு. மற்றவை.
மற்றவைக்கு எதிரே ஒரு விரல் அகலம் இடம்.

கொக்கியைக் கழற்றும்போது கேட்டார்,
"காலையில அதுக்கு வாயில மாட்டினியளே கறுப்பா ஒண்ணு,
நல்ல காத்து மட்டும் போவும்னு.
அது ஆளுக்கு உண்டுமா?"
"உண்டு."
"வெல?"
எண்பது ரூபாய் என்றேன்.
வில்பிரட் போனை எடுத்துக் காதில் வைத்தார். அது அடிக்கவில்லை.

நாளைக் காலை மறுபடியும்.
வேறு வட்டம், புதிதாக ஒரு பூஜ்யம்.
குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதி அடிக்கோடிட்டேன்:
தோர்த்து முகத்தில்.