முப்பத்தொரு பிள்ளைகள், ஒரு யூனிட்

கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனைக்கு
இறங்கும்போது
ஆக்சிலேட்டரை நான் தொடுவதே இல்லை.
மலை தள்ளுகிறது.
பிரேக் பிடிக்கப் பிடிக்க
முள் பச்சைப் பக்கம் சாய்கிறது,
கறக்கிற செம்பில் பால் ஏறுவதுபோல்
பேட்டரிக்குள் ஏதோ ஏறுகிறது.
டீசல் வண்டியில் இதே வளைவுகளில்
லைனர் தீய்ந்த வாடைதான் மிச்சம்.

வண்டியோடு வந்த கோயம்புத்தூர்ப் பையன்
உள்ளங்கையில் கணக்குப் போட்டுக் காட்டினான்.
பஸ்ஸின் எடை தருவது ஏழெட்டு யூனிட்.
பிள்ளைகளின் எடை மட்டும் தனியாக?
முப்பத்தொரு பேர், புத்தகப் பை, டிபன் பாக்ஸ்,
நனைந்த ஸ்வெட்டர், எல்லாம் சேர்த்து
ஒரு யூனிட்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்க்கா."

இதைப் பிள்ளைகளிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன்.
அன்றிலிருந்து
குண்டு என்று யாரும் கூப்பிடாத ஒரே இடம்
போஜராஜுக்கு என் பஸ்தான்.
"நான் ரெண்டு பல்பு" என்று
ஜன்னலோரம் கேட்கிறான்.
குச்சி மாதிரி இருக்கிற மசணி
ஓடைக்கல் ஒன்றைப் பையில் போட்டு வருகிறாள்.
இறங்கும்போது சரி,
காலையில் ஏறும்போது அதை வெளியே போடு என்று
நான் கத்த வேண்டியிருக்கிறது.

பொழுது சாய்ந்தால்
ரேஷன் கடைக்குப் பின்னால், டிரான்ஸ்பார்மர் பக்கம்,
வண்டியைக் கட்டிப்போடுவேன்.
கட்டுவதென்றால் பிளக்கைச் சொருகுவது.
ஆறரைக்கு
ஹீட்டரும் மிக்ஸியும் டிவியும் ஒன்றாக விழிக்கையில்
ஓர் உத்தரவு வரும்,
எனக்கல்ல, வண்டிக்கு.
டக்.
நின்ற இடத்திலேயே
ரோடு இல்லாமல் ஓட ஆரம்பிக்கும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
தட்டப்பள்ளம் பக்கம் மண் சரிந்து
மூன்று சில்வர் ஓக் கம்பிமேல் விழுந்தன.
ஊர் அணைந்தது. வண்டியும் வாயை மூடிக்கொண்டது.
எழுபத்தெட்டு சதவீதத்தை
வயிற்றில் வைத்துக்கொண்டு
இருட்டில் மஞ்சளாக நின்றது.

லைன் வீடுகளிலிருந்து குடையோடு வந்தார்கள்.
"இவ்வளவு வச்சிருக்கியே, குடேன்."
"யானை இறங்கியிருக்கு, ஒரு தெருலைட்டாவது?"
எப்படிச் சொல்ல?
பிளக் சொருகித்தான் இருக்கிறது.
செத்த கம்பிக்குக் கொடுக்காதே என்பது
அதற்குக் கற்பித்த முதல் பாடம்.
கல்நெஞ்சு என்றாள் ஒருத்தி,
வண்டியையா என்னையா தெரியவில்லை.

அப்போது லோஜினி,
நாலாம் வகுப்பு, மூன்றாம் வரிசை, இருபத்திரண்டு கிலோ,
அம்மாவின் குடைக்கு வெளியே வந்தாள்.
"டிரைவரக்கா, இப்ப நீங்க அனுப்பல இல்ல?"
"இல்லம்மா."
"நிச்சயமா?"
"நிச்சயமா."
"அப்பா மேல இருக்காரு."

குடைகள் எல்லாம் திரும்பின.
வளைவுக்கு மேலே, மஞ்சுக்குள்,
கம்பத்தின் பாதி உயரத்தில்
ஒரே ஒரு ஹெல்மெட் விளக்கு.
அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.
யானை மட்டும்
ரேஷன் கடை ஷட்டரை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது.

இரண்டு பத்துக்கு
டக்.
கடைசி சீட்டில் கிடந்த எனக்கு
கியர் போடாமல் வண்டி கிளம்பியது போலிருந்தது.
ஊர் மொத்தமும் ஒரே மூச்சில் இழுத்தது.
தண்ணீர்த் தொட்டி மோட்டார்,
சுகாதார நிலையத்துத் தடுப்பூசிப் பெட்டி,
ஈரக் காலோடு வீடு திரும்பிய சிவனுவுக்கு
வெந்நீர்.
எந்த யூனிட் எங்கே போனதென்று பிரிக்க முடியாது.
போஜராஜ் கேட்டால்
உன் ரெண்டு பல்பும் போச்சுடா என்பேன்.

காலையில் முப்பத்திரண்டு சதவீதம்.
ஏறப் போதும். உள்ளே ஹீட்டர் கிடையாது.
மசணியின் பையைத் தூக்கிப் பார்த்தேன்,
கல் இருந்தது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடியில் மூச்சை ஊதி ஊதி
ஆளாளுக்குப் படம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.
லோஜினி ஒரு கம்பம் வரைந்தாள்.
ஆளை மேலே ஏற்றவில்லை.
கீழே, ஒரு பாயில்,
மீசையோடு படுக்கப் போட்டிருந்தாள்.