கையேட்டில் இல்லாத எண்

பிப்ரவரி. ஃபீனிக்ஸுக்கு வெளியே
பாலைவனத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு
இருபத்துநான்கு மைதானங்களை விரித்திருக்கிறார்கள்.
ஒரே நேரத்தில் இருபத்துநான்கு விசில்.
எது தங்களுடையது என்று
பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியோ தெரிகிறது.

நான் நெப்ராஸ்காவிலிருந்து.
சின்னக் கல்லூரி, துணைப் பயிற்சியாளர்.
மடக்கு நாற்காலி, சின்னம் போட்ட தொப்பி,
முப்பது டாலருக்கு வாங்கிய கையேடு:
பெயர், சட்டை எண், பிறந்த ஆண்டு, பள்ளி மதிப்பெண்.

பெற்றோர் அந்தக் கரை. நாங்கள் இந்தக் கரை.
பெரிய கல்லூரித் தொப்பி ஒன்று வந்து நின்றால்
அந்தக் கரையில் குரல் ஏறும்:
பாஸ் கொடுக்க வேண்டிய இடத்திலெல்லாம்
"அடி! கோலுக்கு அடி!"
என் தொப்பிக்கு யாரும் தொண்டையைச் செலவழிப்பதில்லை.
ஒரு வகையில் வசதி.

பேசக் கூடாது.
பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் பதினைந்து வரும்வரை
"நன்றாக ஆடினாய்" என்பதும் குற்றம்.
அதனால் பார்க்கிறோம்.
பந்தை அல்ல, பந்தை யாரும் பார்த்துவிடலாம்.
பந்து போன பிறகு அவள் தோள் என்ன செய்கிறது,
கை விரிந்து தோழியின் மேல் பழி போடுகிறதா,
ஓடுமுன் பின்னால் ஒருமுறை பார்க்கிறாளா.

எட்டு மணி, பதினேழாம் மைதானம்.
எண் ஒன்பது, இட்ஸெல் பராஹாஸ், நடுக்களம்.
எங்களுக்கு மூன்று மின்னஞ்சல் எழுதியிருந்தாள்.
மூன்றாவதில் வேறொரு கல்லூரியின் பெயர்
அழிக்க மறந்து கிடந்தது.
இருபத்திரண்டு நிமிடம் பார்த்தேன்.
இடதுகால் இல்லை. தலை நிமிரவில்லை.
பந்தைக் கேட்கக்கூட வாய் வரவில்லை.
எழுதினேன்: கூச்சம். வேண்டாம்.
ஒன்பதின் மேல் ஒரு கோடு.

நான்காம் மைதானத்தில் உயரமான கோல்கீப்பர்.
அவளுக்காக ஏற்கெனவே பதினொரு தொப்பிகள்.
எங்கள் காசுக்கு வரமாட்டாள்.

திரும்பும் வழியில்
காபி ஆறட்டும் என்று பதினேழில் நின்றேன்.
கடைசிப் பத்து நிமிடம்.
எண் நாற்பத்தொன்று.
மூக்கில் பஞ்சு, பாதி முகம் வீக்கம்,
இரண்டு அளவு பெரிய சட்டை.
"எனக்கு! எனக்கு!" என்று இரண்டு மொழியில் கத்தினாள்.
பறிபோன பந்தின் பின்னால் முப்பது கஜம் ஓடி
சறுக்கி மீட்டு, இடதுகாலால்
யாருமில்லாத புல்லுக்கு அனுப்பினாள்.
ஒருத்தி அங்கே வந்து சேர்ந்த பிறகுதான்
அது ஒரு இடம் என்றே எனக்கு உறைத்தது.

கையேட்டைப் புரட்டினேன்.
எண்கள் இருபத்தெட்டோடு முடிகின்றன.
எழுதினேன்: நாற்பத்தொன்று, யார்? இன்றே சொல்.
இரண்டாம் அடிக்கோட்டில் தாள் கிழிந்தது.

கோட்டு நடுவரைக் கேட்டேன்.
"யாரோ முழங்கையால் இடித்துவிட்டார்கள்.
ரத்தம் பட்ட சட்டையோடு விடமாட்டோமே.
மாற்றுச் சட்டை அது. பழைய எண் ஒன்பது."

ஒரே பக்கத்தில் ஒரே பெண், இரண்டு முறை.
அடித்தும் இருக்கிறேன், அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.
அடிபட்ட கோபமா?
அல்லது கையேட்டில் இல்லாத சட்டைக்குள்
யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நிம்மதியா?
அப்படியென்றால் எங்கள் ஊரில்,
முதுகில் பெயர் எழுதிய சட்டையில்,
எவள் வருவாள்?

கார் நிறுத்துமிடத்தில்
கன்னத்தில் ஐஸ் பையோடு எதிரே வந்தாள்.
தொப்பியைப் படித்தாள்.
"ஹாய்" என்றாள்.
"ஹாய்" என்றேன்.
எனக்கு அனுமதித்தது அவ்வளவுதான்.
அவள் அப்பா தண்ணீர்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு
இன்னும் ஒரு சொல்லுக்காக நின்றார்.
பையில் இருந்த சாவியை
நான் வெகுநேரம் தேடினேன்.

ராத்திரி ஹல்ஸ்ட்ரம் போனில் கேட்டாள்:
"யாராவது தேறினார்களா?"
"காலை ஏழரைக்குப் பதினேழிலேயே இன்னொரு ஆட்டம்.
போகிறேன்."
"ஒன்பதை அடித்துவிட்டதாகச் சொன்னாயே?"
"சட்டையைத் துவைத்திருப்பார்கள்," என்றேன்.
"எந்த எண்ணைப் போடுகிறாள் என்று பார்க்க வேண்டும்."