சமக்குறி இல்லை

மஞ்சூரில், பேக்கரி மாடியில்,
இன்று மூன்றாம் முறை கரண்ட் போனது.
கீழே குந்தாவில் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.
அந்த மின்சாரத்துக்கு வேறெங்கோ சோலி.
மடிக்கணினியில் இருபத்திரண்டு சதவீதம்.
நான் நாலு படி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாலே படி.
புது எண் அடியில் வந்து நிற்கும்,
பழையவை மேலே ஏறிக்கொள்ளும்.
முதலில் ஏழு. அப்புறம் ஐந்து.
அதற்கும் அப்புறம்தான் கூட்டல்.
ஏழையும் ஐந்தையும் கூட்டு:
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்,
வினை தன் இடத்தில், கடைசியில் இருந்தது.
கணக்கு நோட்டில் இரண்டுக்கும் நடுவே
சிலுவைபோல் குறி போட்ட அத்தனை வருடமும்
எந்த மொழியில் எழுதிக்கொண்டிருந்தேனோ.
இதில் அடைப்புக்குறி வேண்டாம்.
சமக்குறிக்குப் பொத்தானே கிடையாது.

போஜனுக்கு அனுப்பினேன்.
பவர் ஹவுசில் இரவு ஷிப்ட் அவருக்கு.
பத்தொன்பது வருடமாய்ச் சட்டைப் பையில் இருந்த கால்குலேட்டரில்
போன ஆடிச் சாரல் புகுந்து
இடப்பக்கக் கோடுகள் செத்துப்போக
எட்டெல்லாம் மூன்றாய்த் தெரிகிறது.

பத்தாவது நிமிஷம் போன்.
"தப்பும்மா. மேல்படி காலியாகுது."
ஆகத்தானே வேண்டும்?
இரண்டு எண் ஒன்றானால்
மற்றது ஒருபடி இறங்கும், உச்சியில் பூஜ்யம்.
"இல்ல. உச்சியில இருக்கிறது இறங்கும்.
ஆனா அங்கேயும் இருக்கும்."

அணைமட்டம் அடியில் வரும்,
படிவம் மீட்டரில் கேட்கும்.
ஒரு அடிக்கு எத்தனை மீட்டர் என்பதை
நாலு படியிலும் நிரப்பிவிடுவாராம்.
பிறகு அளவு, பெருக்கு, எழுது, அழி,
அடுத்த அளவு, பெருக்கு.
விடியும்வரை பெருக்கினாலும்
மேலே இருப்பது தீராது.
மழை நின்று மூன்று மாதம் கழித்தும்
அவலாஞ்சி சோலைக்குள்ளிருந்து
ஓடை வருகிற மாதிரி
என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.
அவர் அதெல்லாம் சொல்லவில்லை.
"சரி பண்ணிடும்மா" என்று வைத்துவிட்டார்.

ஒன்பது சதவீதம்.
தேடினேன். ஒரே ஒரு வரி.
காலி இடம் அசிங்கமாய் இருக்குமென்று
நானே அக்கறையாய்க் கொண்டுவந்து வைத்த பூஜ்யம்.
அழித்தேன்.
பேக்கரிக்காரர் கீழே ஷட்டரை இழுத்தார்.
திரையின் வெளிச்சத்தில்
ஜன்னல் கண்ணாடி முழுக்க மஞ்சு.

நாலு சதவீதத்தில் செய்தி வந்தது.
நன்றி இல்லை, நல்லிரவு இல்லை.

2.4384
எட்டு எட்டாத்தான் தெரியுது.