நாத்தங்கால் வந்திருக்கு

எங்கள் ஊருக்கு எதுவும் கடைசியில்தான் வரும்.
மேட்டூரில் கதவைத் தூக்கி
கல்லணையில் பூத்தூவி
இருபத்திரண்டு நாள் கழித்து
அரிச்சந்திரா நதியில் ஒரு ஈரம் தெரியும்.
பேர்தான் அரிச்சந்திரா.
தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்லும்.

இது ஒன்றில் மட்டும்
நான் தலைமடை.

நூற்றில் ஒருவருக்குத்தான் என்று
திறந்துவிட்ட சோதனைப் பதிப்பு
திங்கள் இரவு பதினொன்றே காலுக்கு
தலைஞாயிற்றில், கொசுவலைக்குள்,
என் கைபேசியில் இறங்கியது.
நிலையற்றது,
தரவு அழியலாம்,
அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று
மூன்று எச்சரிக்கை.
மூன்றுக்கும் சம்மதம் கொடுத்தேன்.
கல்யாணத்துக்கு இவ்வளவு கேட்கவில்லை.

பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர்.
அங்கே இருக்கும் கணினி
நகைக்கடன் ரசீது ஒன்றுக்கு
இரண்டு முறை உயிர்விட்டு எழும்.
'எதையும் புதுசா அமுக்கிடாதம்மா' என்பார்
செயலாளர் கலியபெருமாள்.
அமுக்க மாட்டேன்.
எட்டு மணி நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு வந்து
ராத்திரி
இன்னும் பேர் வைக்காத பொத்தான்களை
ஒவ்வொன்றாய் அமுக்குவேன்.

பட்டது கொஞ்சமா?
மார்கழியில் ஒரு பதிப்பு அலாரத்தைத் தின்றது;
ஐந்தே முக்கால் பஸ் போய்விட்டது.
இன்னொன்று,
யார் அழைத்தாலும் மணி அடிக்காமல்
மெல்ல வெளிச்சம் மட்டும் காட்டியது.
இரண்டு நாள்
அதைப் பிழை என்றே நான் நினைக்கவில்லை.

இந்த முறை வந்திருப்பது
இணையம் இல்லாமலே
பேசப் பேசத் தமிழில் எழுதும் வசதி.
'பண்ணை வீட்டு நாத்தங்கால் ஆறு மா' என்றேன்.
'பண்ணை வீட்டு நாத்தனார் கால் ஆறுமா' என்று எழுதியது.

எனக்கும் நாத்தனார் உண்டு, சகுந்தலை.
கால் நன்றாகத்தான் இருக்கிறது.

'மடையைத் திற' என்றேன்.
'மழையைத் திற' என்றது.
அதை மட்டும் அழிக்காமல்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழை அறிக்கை எழுதினேன்.
எதிர்பார்த்தது: நாத்தங்கால்.
நடந்தது: நாத்தனார் கால்.
மீண்டும் நிகழ என்ன செய்ய வேண்டும் என்ற கட்டத்தில்
'ஆனி மாதத்தில் கடைமடையில் நிற்கவும்' என்று அடித்து,
அழித்து,
'சாதாரண வேகத்தில் சொல்லவும்' என்று போட்டேன்.

பதினேழு இரவு, பதினேழு அறிக்கை.
உரக்கடை மரியசூசை குரலில் ஒன்று,
முத்துப்பேட்டையிலிருந்து மீன் கொண்டுவரும்
உமர்கத்தா குரலில் ஒன்று,
வெற்றிலையோடு ஒன்று, வெற்றிலை இல்லாமல் ஒன்று.
பதில் எப்போதும் ஒரே வரி:
உங்கள் கருத்துக்கு நன்றி.
எழுதுவது ஆள்தானா என்றும் தெரியாது.

பதினெட்டாம் நாள் ஒரு சின்னப் புதுப்பிப்பு,
பதினோரு எம்பி.
என்ன மாறியது என்ற இடத்தில்
'சில மேம்பாடுகள்' என்று இருந்தது.
விளக்கைப் போடாமல் சொன்னேன்,
நாத்தங்கால்.

நாத்தங்கால்
என்று எழுதியது.

பக்கத்தில் தூங்கிய மனுஷரை எழுப்பிக் காட்டினேன்.
'சரியாத்தானே இருக்கு, இதுல என்ன?' என்று
திரும்பிப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை
பெட்டியோடு வந்து இறங்கினாள் சகுந்தலை.
என் இரண்டு கையிலும் மாவு.
திருப்பூரில் இருக்கும் தங்கை தமயந்திக்கு
அடுப்படியிலிருந்தே வாயால் எழுதினேன்,
'நாத்தனார் வந்திருக்கு, அப்புறம் பேசுறேன்.'

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.
'அப்படியா! தண்ணி வந்துடுச்சா?'

மேலே ஏற்றிப் பார்த்தேன்.
நாத்தங்கால் வந்திருக்கு, அப்புறம் பேசுறேன்.

சகுந்தலை கூடத்திலிருந்து
என்னடி சிரிக்கிறே என்றாள்.
கையைக் கழுவிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன்.
வாய்க்காலுக்குள் இறங்கி
இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

'இன்னும் இல்லை' என்று
விரலாலேயே அடித்து அனுப்பினேன்.