வீட்டை எட்டாத கல்

எங்கள் ஆட்டத்துக்கு நாலு பேர் போதும்.
கர்லிங் என்று பெயர்.
உறைந்த தரையில் இருபது கிலோ கருங்கல்லை
வழுக்கிப் போகவிட்டு
அதற்கு முன்னால் ஓடி ஓடிப் பெருக்குவது.
புதிதாய்ப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டுமே, என்பாள் ம்யூரியல்,
அம்மாவுக்குப் பெருக்கிக் கொடுத்தால்
கோப்பையா தருகிறாள்?

அந்தக் கோடியில் சிவப்பும் நீலமுமாய் ஒரு வட்டம்.
அதற்கு வீடு என்று பெயர்.
வீட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துவது வெர்னா.
அவள் தலைவி.
மூன்றாவது ஒரீசியா, இரண்டாவது ம்யூரியல்.
முதல் கல் எப்போதும் என்னுடையது.
முதல் கல்லில் யாரும் தோற்பதில்லை,
அதனால் எனக்குக் கொடுத்தார்கள்.

ஊரின் பெயர் தானியக் கிடங்கின் நெற்றியில்
ஆளுயர எழுத்தில் இருந்தது.
கிடங்கை இடித்தார்கள். பெயர் லாரியில் போயிற்று.
பள்ளிக்கூடம் அதற்கும் முன்பே.
கர்லிங் கொட்டகை மட்டும் நிற்கிறது, தகரக் கூரையோடு,
மனிடோபாவின் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, பிராண்டன்.
பள்ளிகளுக்கான மாகாண இறுதி ஆட்டம்.
அப்போது சோளத்தட்டைத் துடைப்பம்தான்.
பட் பட்டென்று அறைந்தால் துரும்பு உதிரும்.
வெர்னாவின் கடைசிக் கல்
வீட்டு வாசல் வரை வந்து
ஒரு துரும்பில் ஏறி
இடப்பக்கம் திரும்பி
உட்கார்ந்துவிட்டது.
அவ்வளவுதான்.
திரும்பி வரும் பேருந்தில் நாலு பேரும்
ஒரே பொட்டலத்தில் உருளை வறுவல் தின்றோம்.
யாரும் துரும்பைப் பற்றிப் பேசவில்லை.
அது என் துடைப்பத்துத் துரும்பு.
ஐம்பத்தெட்டு வருடம் அதை நான் வைத்திருந்தேன்.

ம்யூரியல் எண்பத்தொன்றில் போனாள்.
ரயில் கடவை, பனிப்புயல்,
பின்னிருக்கையில் மளிகைச் சாமான்.
முட்டை ஒன்றுகூட உடையவில்லை என்று
அவள் கணவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்,
அதைச் சொல்லாமல் அவனால் நிற்க முடியவில்லை.
ஒரீசியாவுக்கு மார்பில் வந்தது.
மொட்டைத் தலையில் எங்கள் பழைய ஊதாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு
எப்படி இருக்கிறேன் என்றாள்.
பதினாறு வயசு மாதிரி என்றேன்.
பொய் சொல்ல உனக்கு இன்னும் வரவில்லை என்றாள்.

போன பிப்ரவரியில் வெர்னா.
மருத்துவமனைக் கட்டிலில் அவள் குரல்
போர்வைக்கு வெளியே வரவே சிரமப்பட்டது.
அந்தக் குரலா எங்களை ஓட ஓட விரட்டியது!
சொல்லிவிட்டேன்.
பிராண்டன். அந்தத் துரும்பு. என்னுடையது.
அவளுக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து,
நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.
ம்யூரியல் தன்னுடையது என்றாள், அவள் கல்யாணத்தன்று.
ஒரீசியா தன்னுடையது என்று கடிதமே எழுதினாள்.
நீ எப்போது வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், என்றாள்.
அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு,
கல்லை நான் மெதுவாய் விட்டேன், டோரீன்.

கிளம்பும்போது கையை நீட்டினாள்.
தண்ணீர் கேட்கிறாள் என்று டம்ளரைக் கொடுத்தேன்.
வெளியே, மைனஸ் முப்பதில்,
கார்ச் சாவியைத் தேடிக் கையுறையைக் கழற்றும்போதுதான்
உறைத்தது.
எங்கள் ஆட்டத்தில் இனி முடியாது என்று தெரிந்தால்
கையுறையைக் கழற்றி
எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.
வெர்னா யாரிடமும் அப்படிக் கை கொடுத்ததே இல்லை.

நேற்றுத்தான் கொட்டகைக்குப் போனேன்.
இன்று ஐஸை உருகவிடுகிறார்கள், வசந்தம் வந்துவிட்டதாம்.
முட்டி மடங்காது, குச்சியால் தள்ளினேன்.
கல் போனது.
முன்னால் பெருக்க ஆளில்லை, அங்கிருந்து கத்த ஆளில்லை.
நடுவிலேயே, கோட்டுக்கு இந்தப் பக்கம்,
யாரையோ எதிர்பார்ப்பது போல நின்றது.
கோட்டைத் தாண்டாத கல்லை அகற்றிவிட வேண்டும்.
அகற்றவில்லை.
விளக்கை அணைக்கட்டுமா என்றான் காவலாள் எல்டன்.
கொஞ்சம் பொறு,
எங்களுக்கு இன்னும் ஏழு கல் இருக்கிறது என்றேன்.